போலித் துப்பாக்கியா, பொய்த்துப்பாக்கியா? வியாழனுக்குள் ஒரு சொல் தேவை

ஈசூன் ஆசிரியை, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு வெள்ளிக்கிழமை வகுப்பில் விவாதம் வைத்திருக்கிறேன். வியாழன் மாலைக்குள் தலைப்புத் தாளை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். பொருள் இதுதான்: குண்டு பாயாத, ஆனால் அசலைப் போலவே இருக்கும் துப்பாக்கியை ஒருவர் கையில் வைத்திருக்கிறார். காவலர் அவரைச் சுட்டுக் கொல்வது சரியா?

எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2014 நவம்பரில் நடந்ததைக் கொடுத்திருக்கிறேன். டாமிர் ரைஸ், 12 வயது. பூங்காவில் விளையாட்டுத் துப்பாக்கியோடு இருந்தான். காவல் வாகனம் வந்து நின்ற இரண்டு வினாடிக்குள் சுடப்பட்டான். மறுநாள் இறந்துவிட்டான்.

தாளில் முதலில் "போலித் துப்பாக்கி" என்று எழுதினேன். ஒரு மாணவி உடனே கையைத் தூக்கினாள்: "போலி என்றால் ஏமாற்றச் செய்தது அல்லவா? அப்படியானால் அந்தப் பையன் ஏமாற்றுக்காரனா?" சரியென்று "பொம்மைத் துப்பாக்கி" ஆக்கினேன். இப்போது மற்ற அணி கொதித்தது: "பொம்மை என்று தெரிந்தால் யார் சுடுவார்? தலைப்பிலேயே எங்களைத் தோற்கடித்துவிட்டீர்கள்." இருவர் சொல்வதும் நியாயமாகவே படுகிறது.

கூடவே "டெட்லி ஃபோர்ஸ்" என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். "உயிர்பறிக்கும் விசை" என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. உதவுங்கள்.

தோ பாயோ, ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

ஆசிரியை அவர்களுக்கு,

"போலித் துப்பாக்கி" என்றே விட்டுவிடுங்கள். செய்தித்தாளில் வருகிறது, கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் புரிகிறது. மொழிபெயர்ப்புக் கூண்டில் நிற்பவனுக்கு அகராதி புரட்ட நேரம் கிடையாது. வழக்கில் இருக்கும் சொல்லே வாய்க்கு வரும்.

ஒரு தகவல். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பொருளை எப்படி வரையறுக்கிறது தெரியுமா? நிபுணர் அல்லாதவர் பார்த்தால், நெருங்கி ஆராய்ந்தாலொழிய, அல்லது குண்டு போட்டுச் சுட்டுப் பார்த்தாலொழிய, அசலிலிருந்து பிரித்தறிய முடியாதது. அங்கே செய்தவனின் எண்ணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, பார்ப்பவனின் கண்ணைப் பற்றித்தான் பேச்சு. நம் சிங்கப்பூரிலும் கைத்துப்பாக்கி வடிவத்தில் செய்த சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே கொண்டுவரக் கூடாது. தீ மூட்டுவதற்காக அல்ல அந்தத் தடை, வடிவத்துக்காக.

புக்கிட் பாத்தோக் ஐயா, செவ்வாய் அதிகாலை

அன்பர்களே,

"போலித் துப்பாக்கி" என்பதில் முதற்சொல்லை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டீர்கள்? இரண்டாவது சொல் தமிழா என்று ஒருவராவது கேட்டீர்களா? துருக்கியிலும் பாரசீகத்திலும் வழங்கிய "துபக்" வடக்கே இறங்கி, தெலுங்கில் "துபாகி" ஆகி, நம்மிடம் "துப்பாக்கி" ஆயிற்று. "குறளிலேயே துப்பாக்கி இருக்கிறதே" என்று பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குவார்கள். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்பதில் துப்பு உணவு. ஆக்கி என்பது எச்சம். உண்பவர்க்கு நல்ல உணவை ஆக்கித் தருவது மழை. அங்கே வெடிமருந்து நாற்றம் ஏது?

துமுக்கி என்று எழுதுவோர் உண்டு. சுடுகலன் இன்னும் நன்று. சுடுகலத்தை ஒத்தது ஆகவே "சுடுகலப்போலி". போலி என்றால் ஏமாற்று என்பது கடைத்தெருப் பொருள். இலக்கணத்தில் போலி பழியற்ற சொல். அறம், அறன். பந்தல், பந்தர். எழுத்து மாறும், பொருள் மாறாது. "முன்றில்" என்பதை இலக்கணப்போலி என்கிறோமே, அது யாரையாவது ஏமாற்றியதா? போலியைப் பின்னுக்குத் தள்ளினால் பழி நீங்கிவிடும். "போலிச் சுடுகலன்" குற்றம், "சுடுகலப்போலி" ஒப்பு.

ஆசிரியை கேட்ட "டெட்லி ஃபோர்ஸ்" என்பதற்கு "கொல்துப்பு". துப்பு என்பதற்கு வலிமை என்றும் பொருள் உண்டு.

தெம்பனிஸ், மென்பொருள்காரர், செவ்வாய் காலை

ஐயாவுக்கு வணக்கம். கொல்துப்பு என்று அச்சடித்தால் பிள்ளைகள் எச்சிலை நினைத்துச் சிரிப்பார்கள். ஆசிரியை பாவம்.

நான் திருச்சியில் தமிழ்வழியில் படித்தவன். "விசை" என்றதும் எனக்கு நியூட்டன்தான் வருகிறார். இன்னொரு கோளாறும் இருக்கிறது: துப்பாக்கியில் விரலால் இழுக்கும் உறுப்பையும் விசை என்றுதான் சொல்கிறோம். "காவலர் உயிர்பறிக்கும் விசையைப் பயன்படுத்தினார்" என்றால் எந்த விசை? இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கவிதைக்கு ஆகும், விவாதத் தாளுக்கு ஆகாது.

போலி, பொம்மை, போலிக்குப் பின்னொட்டு, எதுவாக இருந்தாலும் எனக்கு வேறொரு சந்தேகம். இவை எல்லாமே பிறகு தெரிந்த செய்தி. சுட்ட அந்த இரண்டு வினாடியில் அதன் பெயர் வெறும் துப்பாக்கி. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரகாம் எதிர் கானர் வழக்கில் சொன்னதும் இதுதான்: அந்த இடத்தில் நின்ற நியாயமான காவலரின் நிலையிலிருந்து அளக்க வேண்டும், நடந்து முடிந்த பின் வந்த தெளிவிலிருந்து அல்ல. அப்படியிருக்கத் தலைப்பிலேயே "இது பொய்" என்று சொல்லிவிட்டால், ஓர் அணிக்கு விடைத்தாளைக் கையில் கொடுத்த மாதிரி.

அங் மோ கியோ, முன்னாள் துணையாசிரியர், செவ்வாய் மதியம்

தம்பி சொல்வதில் பாதி சரி. மறுபாதியையும் பார்க்க வேண்டும். கிளீவ்லாந்தில் தொலைபேசியில் அழைத்தவர் "அநேகமாகப் பொய்த்துப்பாக்கி", "அநேகமாகச் சிறுவன்" என்று சொல்லியிருந்தார். அழைப்பை எடுத்தவரிடமிருந்து அந்த இரண்டு செய்தியும் வாகனத்தில் இருந்த காவலர்களுக்குப் போகவே இல்லை. பின்னால் வந்த தெளிவு என்று அதைச் சொல்ல முடியாது. முன்பே வந்து, வழியில் தொலைந்த சொல் அது. அசல் அல்ல என்று காட்ட அந்தத் துப்பாக்கியின் முனையில் இருக்க வேண்டிய ஆரஞ்சு நிறக் குறியும் இல்லை. இரண்டு அடையாளங்கள், இரண்டும் காணாமல் போயின. 2015 டிசம்பரில் பெருநடுவர் குழு (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) அந்தக் காவலர்கள்மீது குற்றம் சாட்டவில்லை. மறு ஆண்டு நகராட்சி 6 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. மாணவர்களுக்கு இந்தப் பகுதியையும் கொடுங்கள், அம்மா.

நான் "பொய்த்துப்பாக்கி" என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பொய்க்கால் குதிரை என்கிறோம். ஆடுபவரை யாரும் பொய்யர் என்பதில்லை. குதிரையின் கால் இல்லை, அவ்வளவுதான். ஐயாவின் பின்னொட்டைவிட இது எளிது.

"டெட்லி ஃபோர்ஸ்" பற்றி: அது மொழிபெயர்க்க வேண்டிய சொல்லே அல்ல. துஞ்சினார் என்பது போல ஆங்கிலக்காரர்களின் மங்கல வழக்கு அது. இரண்டு தலைமுறையாகச் செய்தித் தலைப்பு எழுதியவர்கள் "சுட்டுக் கொன்றனர்" என்றுதான் எழுதினோம். ஒரு பத்தி அகலத்தில் அடங்கும்.

தோ பாயோ, செவ்வாய் மாலை

> அது மொழிபெயர்க்க வேண்டிய சொல்லே அல்ல

அக்கா, இங்கே உங்களோடு உடன்பட முடியாது. அந்தச் சொல் கொன்றதை மட்டும் குறிப்பதில்லை. காலில் பட்டு ஆள் பிழைத்துக்கொண்டாலும் அது அந்த வகைப் பலம்தான். சாவு நேரக்கூடியது என்று தெரிந்தே பயன்படுத்துவது. நீதிமன்றத்தில் "சுட்டுக் கொன்றார்" என்று நான் பெயர்த்து, ஆள் மருத்துவமனையில் உயிரோடு இருந்தால், வழக்கறிஞர் என்னைத்தான் கூண்டில் ஏற்றுவார்.

புக்கிட் பாத்தோக் ஐயா, புதன் அதிகாலை

கொல்துப்பைக் கைவிடுகிறேன். வருத்தத்தோடு.

தோ பாயோ நண்பர் கேட்பதைத் தமிழ் எப்போதோ செய்து வைத்திருக்கிறது. "கொல்லேற்றுக் கோடு அஞ்சுவானை" என்று முல்லைக்கலியில் வருகிறதே, அந்தக் கொல்லேறு யாரையாவது கொன்றாக வேண்டுமா? கொன்ற ஏறு, கொல்கின்ற ஏறு, கொல்லும் ஏறு. வினைத்தொகை மூன்று காலத்தையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே "கொல்வலு". கொன்றதும் அதில் அடக்கம், கொல்லக்கூடியதும் அடக்கம். ஆங்கிலச் சட்டம் ஒரு வாக்கியம் எழுதிச் சொல்வதை நாம் நான்கெழுத்தில் சொல்கிறோம்.

அங் மோ கியோ அம்மையார் தொலைந்த சொல்லைப் பற்றி எழுதியதைப் படித்ததும் தூக்கம் போயிற்று. பாண்டியன் என்ன சொன்னான்? "கன்றிய கள்வன் கையது ஆகின் கொன்று அச்சிலம்பு கொணர்க." கையில் இருந்தால் கொல். என்ன சிலம்பு என்று பார்க்கச் சொல்லவில்லை. "கொல்ல" என்று சொல்ல நினைத்து "கொன்று" என்றான் என்பது உரைவழிச் செய்தி. ஓர் எச்சம் மாறியது, ஓர் உயிர் போயிற்று. காவலர்களே தயங்கினார்கள். "கொலைப்படு மகன் அலன்" என்று கோவலனைப் பார்த்துச் சொன்னார்கள். அதற்குள் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிட்டான். கையில் இருந்தது அரசியின் சிலம்பு அல்ல, அதைப் போன்றது. சிலம்புப்போலி!

தெம்பனிஸ், புதன் காலை

ஐயா, கோவலன் கையில் இருந்தது அசல் சிலம்பு. கண்ணகியுடையது. போலி என்று சொன்னால் மதுரை மறுபடி எரியும்.

ஆனால் கொல்வலு நன்றாக இருக்கிறது.

தோ பாயோ, புதன் மதியம்

நன்றாகத்தான் இருக்கிறது. தேர்வுத்தாளில் பாதிப் பேர் "கொள்வலு" என்று எழுதுவார்கள், அதையும் சொல்லி வைக்கிறேன். ஒலிபரப்பில் வாசித்தால் ஏதோ கொள்முதல் விவகாரம் என்று நினைப்பார்கள். "உயிர்போகக்கூடிய பலப்பிரயோகம்" நீளம்தான். இருந்தாலும் யாருக்கும் விளக்க வேண்டாம்.

புக்கிட் பாத்தோக் ஐயா, புதன் மதியம்

"பிரயோகம்" என்ன தமிழ்? இந்த ஊரில் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி "இணையம்" என்று சொன்னபோதும் யாருக்குப் புரியும் என்று கேட்டிருப்பீர்கள். இன்று சென்னைக்காரனும் யாழ்ப்பாணத்தானும் அதைத்தான் சொல்கிறான்.

தோ பாயோ, புதன் மதியம்

ஐயா, இணையத்தை நாள்தோறும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். கொல்வலுவை நாள்தோறும் யார் பயன்படுத்தப்போகிறார்கள்? பழகாத சொல் பழகாமலே செத்துப்போகும்.

அங் மோ கியோ, புதன் மாலை

என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். இரவு உணவில் கேட்டேன், "இதற்கு நீங்கள் தமிழில் என்ன சொல்வீர்கள்?" "அம்மா, நாங்கள் இதைத் தமிழில் சொல்வதே இல்லை" என்றான். சோறு இறங்கவில்லை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

ஈசூன் ஆசிரியை, வியாழன் மதியம்

எல்லாருக்கும் நன்றி. நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன்.

காலையில் எல்லாச் சொற்களையும் பலகையில் எழுதி, மாணவர்களையே கை தூக்கச் சொன்னேன். பொய்த்துப்பாக்கிக்கு நான்கு பேர், போலித் துப்பாக்கிக்கு மூன்று, சுடுகலப்போலிக்கு ஒருவன் (ஐயா, அவன் உங்கள் பேரன் வயதுதான், இலக்கணம் பிடிக்கும்). மற்றவர்கள் சாப்பாட்டு இடைவேளை வந்துவிட்டதா என்று பார்த்தார்கள்.

தெம்பனிஸ் தம்பி எழுப்பிய சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. ஆகவே தலைப்பில் எந்தக் கலைச்சொல்லும் இல்லாமல் "துப்பாக்கி போன்ற பொருளைக் கையில் வைத்திருந்தவர்மீது" என்று அச்சடித்துவிட்டேன். போலி என்று நிறுவுவது ஓர் அணியின் வேலை, அப்படித் தெரியவில்லை என்று நிறுவுவது மற்ற அணியின் வேலை. இரண்டாவது சொல்லுக்குக் கொல்வலு. கீழே சிறிய எழுத்தில் உயிர்போகக்கூடிய பலப்பிரயோகம் என்று விளக்கம். தோ பாயோ அண்ணன் மன்னிக்க வேண்டும்.

ள், ல் இரண்டையும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

தோ பாயோ, வியாழன் மாலை

கொல்வலு பற்றி என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தலைப்புக்கு மறுப்பு இல்லை. ஆனால் அது கலைச்சொல் அல்ல, தப்பித்தல். அடுத்த முறை யாராவது இதே சொல்லைக் கேட்டு வருவார்கள், நாம் மறுபடி திங்களில் இருந்து தொடங்குவோம்.

புக்கிட் பாத்தோக் ஐயா, வெள்ளி அதிகாலை

கோவலன் சிலம்பு பற்றித் தம்பி சுட்டியது சரி. இரவில் எழுதியது, திருத்திக்கொள்கிறேன்.

போன்ற பொருள், போலி, போல் மூன்றும் ஒரே வேரில் வந்தவை என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஆசிரியை என் சொல்லைத்தான் நீட்டி எழுதியிருக்கிறார். அந்த மாணவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

துப்பு என்பதற்குப் பவளம் என்றும் ஒரு பொருள் உண்டு. அது பற்றிச் சனிக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.