சென்னை லா ஃபர்மா, ராம்நாடு கோர்ட்டா?

கச்சான்காத்து (பாம்பன்): அக்கா மகள் சட்டம் முடிச்சு வக்கீலா என்ரோலும் (பதிவும்) பண்ணிட்டா. சென்னையில ஒரு பெரிய லா ஃபர்ம் கூப்பிட்டிருக்கு. ராமநாதபுரத்துல ஒரு சீனியர் வக்கீலும் ஜூனியரா வரச் சொல்றார். ஃபர்ம் வேண்டாங்கிறது என் கட்சி. அங்க புதுசா சேர்றவங்களுக்கு வேலையே கட்டுக்கட்டா ஒப்பந்தம் படிக்கிறதுதான். அதை இப்ப ஏஐ படிக்குது. மணிக்கணக்குல பில் போடுற இடத்துல பத்து மணி நேர வேலை அரை மணியில முடிஞ்சா, முதல்ல யாரைக் கழிச்சுவிடுவாங்க?

கீழக்கரையான்: அண்ணே, நான் துபாயில ஒப்பந்தப் பிரிவுலதான் இருக்கேன். படிக்கிற வேலை குறையுது, நிசம். ஆனா கதவும் திறக்குதே. வெளிநாட்டு ஃபர்ம் இந்தியாவுல ஆபீஸ் போடக்கூடாது, எப்பவாவது வந்து ஆலோசனை சொல்லிட்டுப் போகலாம்னு 2018-ல ஏ.கே.பாலாஜி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2023 மார்ச்சுல வக்கீல் தொழிலை நெறிப்படுத்துற பார் கவுன்சிலே விதி போட்டு உள்ள விட்டுச்சு, 2025-ல திருத்தவும் செஞ்சாங்க. நம்ம கோர்ட்டுல வாதாட முடியாது. அவங்க நாட்டுச் சட்டம், சர்வதேச ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளிய நடுவர் வச்சுத் தீர்க்கிறது) மாதிரி வேலைதான். இந்த நேரத்துல பிள்ளை உள்ள இருக்கணும்.

கோர்ட்டுவாசல்: பதினாலு வருஷமா கறுப்புக் கோட்டு போடுறேன். முதல் ரெண்டு வருஷம் சீனியர் குடுத்தது பஸ் காசு. சென்னை, மதுரை, கோவையில ஜூனியருக்கு மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000-னு 2024 ஜூன்ல ஹைகோர்ட் சொன்னது. அதைக் கையில வாங்கின ஒருத்தரை இன்னும் நான் நேர்ல பார்க்கல. ஊர்ப்பாசம் பேசறவங்க இதையும் பேசணும்.

கச்சான்காத்து: காசு சரி. தொழில்? போன மாசம் மச்சான் விசைப்படகு வாங்கினான். கிரய ஒப்பந்தத்தை மொபைல்ல ஏஐ எழுதிக் குடுத்துச்சு. இங்கிலீஷ் என்னா ஜோர்! எஞ்சின் நம்பர் இல்ல. மானிய டீசல் எப்ப யார் பேருக்கு மாறும்னு ஒரு வரி இல்ல. ஊர் வக்கீல்கிட்டப் போனோம். அவரோட குமாஸ்தா பேப்பரைத் தொடக்கூட இல்ல, ‘வித்தவன் யார்கிட்ட மீன் போடுறான்?’னு கேட்டார். விசாரிச்சா, மீன் வியாபாரிகிட்ட வித்தவன் வாங்கின மூணு லட்சம் முன்பணம் நிலுவை! தெரியாம வாங்கியிருந்தா, அந்த வியாபாரி வலை, படகு எல்லாத்தையும் மறிச்சிருப்பான். இந்தக் கேள்வியை எந்த ஃபர்ம் சொல்லிக்குடுக்கும்?

கீழக்கரையான்: கேட்டது குமாஸ்தா, வக்கீல் இல்லையே! 😄 அவரு எத்தனை வருஷ சர்வீஸ்ல அதைக் கத்துக்கிட்டாரு, என்ன சம்பளம் வாங்குறாரு? அதையும் எழுதுங்க.

கோர்ட்டுவாசல்: ஏஐயை நம்பினா மாட்டுறது ஊர்க்காரன் மட்டுமில்ல. 2023-ல நியூயார்க்ல ரெண்டு வக்கீல் சாட்ஜிபிடி சொன்ன இல்லாத தீர்ப்பையெல்லாம் கோர்ட்டுல குடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினாங்க. தீர்ப்பை எடுத்துச் சரிபார்க்க ஆள் வேணும். அந்த ஆள் ஜூனியர்தான். அதனால ஃபர்ம்ல வேலையே போயிரும்ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். குறைவா எடுப்பாங்க, கசக்கிப் பிழிவாங்க.

கச்சான்காத்து: பிள்ளைகிட்ட இதையெல்லாம் படிச்சுக் காட்டினேன். ‘மாமா, அந்தச் சீனியர்கிட்ட சம்பளம் எவ்வளவுன்னு கேட்டீங்களா?’ங்கறா. கேட்கல. நாளைக்குக் காலைல போறேன்.

கோர்ட்டுவாசல்: பத்து மணிக்கு முன்னாடி போங்க. அப்புறம் கோர்ட்டுக்குக் கிளம்பிருவார். சொன்ன தொகையை இங்க எழுதுங்க.