காசு கொடுக்காதவன் குறை சொல்லக் கூடாதா? (கிம்ப், கன்ட்ரோல் எஸ், பழைய சண்டை)

கரிக்கோடு:
நேற்று இங்கே ஒரு மகான் அருளியது: "ஓய்வு நேரத்தில் மென்பொருளை இலவசமாக எழுதிக் கொடுக்கிறோம். காசு கொடுக்காத யூசருக்குக் குறை சொல்ல உரிமை கிடையாது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

2012ல் கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளின் 2.8 பதிப்பு வந்தது. அதுவரை ஜேபெக்கைத் திறந்து கன்ட்ரோல் எஸ் அடித்தால் ஜேபெக்காகவே சேமிக்கும். அதற்கப்புறம் சேவ் என்றால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் மட்டும்தான். ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் எக்ஸ்போர்ட் பக்கம் போயாச்சு. எக்ஸ்போர்ட் பண்ணிவிட்டு மூடினாலும் "சேமிக்கவில்லையே" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். யாரைக் கேட்டு மாற்றினார்கள்?

நிரல்நேசன்:
அந்த மகான் நான்தான், வணக்கம். ஜேபெக்கில் லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படலங்கள், நிற்குமா? நிற்காது. பத்து லேயர் போட்டு வேலை பார்த்தவன் கன்ட்ரோல் எஸ் அடித்து மூடிவிட்டு, "என் லேயர் எங்கே" என்று அழக்கூடாது என்பதற்காகத்தான் அந்த மாற்றம். ஃபைல் மெனுவிலேயே ஓவர்ரைட் இருக்கு. ஷார்ட்கட்டையும் மாற்றிக்கலாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பேன் என்றால் என்ன செய்வது?

கரிக்கோடு:
மாட்டை அவிழ்த்து விடுங்க சார். நான் திறந்தது ஜேபெக். லேயர் ஒன்றே ஒன்று. ஓரத்தை வெட்டினேன், கன்ட்ரோல் எஸ் அடித்தேன். இதில் எந்த லேயரைக் காப்பாற்றினீர்கள்? அதைச் சொல்லுங்க முதல்ல.

அரைப்பேட்ச்:
பிடிக்கலைன்னா ஃபோர்க் பண்ணுங்க பாஸ், நிரலை நகலெடுத்துத் தனியா நடத்துங்க. சோர்ஸ் திறந்துதானே கிடக்கு. 2019ல் கிம்ப்பிலிருந்து கிளிம்ப்ஸ்னு ஒரு ஃபோர்க் கிளம்புச்சு, 2021ல் படுத்துருச்சு. வாய் பேசுறது சுலபம்.

கரிக்கோடு:
கிளிம்ப்ஸ் கிளம்பியதே கிம்ப் என்ற பெயர் பிடிக்காமல். கன்ட்ரோல் எஸ்ஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஃபோர்க் பற்றிப் பேசணும்னா மாட்டே (MATE) பற்றிப் பேசுங்க. 2011ல் லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோமின் 3-ஆம் பதிப்பு வந்து பழைய பேனலையெல்லாம் துடைத்தெறிந்தபோது, கடுப்பான ஓர் ஆர்ச் லினக்ஸ் யூசர்தான் க்னோம் 2-ஐ எடுத்து மாட்டே ஆரம்பித்தார். இன்றைக்கும் ஓடுது. யூசருக்கு ஒன்றும் தெரியாதாம்!

நிரல்நேசன்:
கோட் எழுதிய அந்த நிமிஷமே அவர் டெவலப்பர். உங்க கட்சியில் சேர்க்காதீங்க.

வழிப்போக்கன்:
நச்சரிப்பு எங்கே கொண்டு விடும் என்பதற்கு எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவி இருக்கே. கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பராமரித்து வந்தவரை, "ஏன் இவ்வளவு தாமதம், வேற ஆளிடம் கொடு" என்று 2022ல் மெயிலிங் லிஸ்ட்டில் போட்டு அரித்தார்கள். உதவிக்கு வந்தவருக்கும் பராமரிப்புப் பொறுப்பு கிடைத்தது. 2024 மார்ச்சில் பார்த்தால் உள்ளே திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவு. கேட்டவர்களே போலிக் கணக்குகள் என்றுதான் பலரும் சந்தேகப்படுகிறார்கள்.

கரிக்கோடு:
அப்போ நானும் போலிக் கணக்கா? நல்லா இருக்கு! அந்தப் பின்கதவைப் பிடித்தது யார்? வேறு கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி இழுக்குதே என்று நோண்டிய ஒரு யூசர்.

நிரல்நேசன்:
அதைப் பிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் யூசரா? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர் ஐயா அவர்.

கரிக்கோடு:
போஸ்ட்கிரெஸ்ஸுக்கு டெவலப்பர். எக்ஸ்இசட்டுக்கு யூசர்தான். அரை நொடிக்கு அவர் கேட்டால் வீரம், கன்ட்ரோல் எஸ்ஸுக்கு நான் கேட்டால் அழுகையா?

நிரல்நேசன்:
அவர் காரணத்தைத் தோண்டி எடுத்து எழுதினார். நீங்க நம்ம எழுத்துரு மாற்றிக்குப் போட்ட பக் ரிப்போர்ட் ஞாபகம் இருக்கா? தலைப்பு "அவசரம்!!!". உள்ளே "வேலை செய்யலை". அவ்வளவுதான். வெர்ஷன் நம்பர்கூட இல்லை.

அரைப்பேட்ச்:
ஹாஹா, அது இவருதானா!

கரிக்கோடு:
போட்டிருந்தேன்.

நிரல்நேசன்:
போடலை.

கரிக்கோடு:
பூட்டின பக்-ல நான் எங்கே போய்ப் போடுறது? அதைப் பூட்டினதே நீங்கதானே!

நிரல்நேசன்:
நான் பூட்டலை. பதில் வராத பக்கை பாட் என்ற தானியங்கி நிரல் தானாப் பூட்டும்.

கரிக்கோடு:
அந்த பாட்டை வச்சது யாரு? அதையும் யாராவது தானம் கொடுத்தாங்களா?