ஸ்லிப்ஃபார்ம் இயந்திரமும் தண்ணீர் விட்ட லாரியும்

இந்த இயந்திரத்தோடு வேலை செய்த மூவர் ஆளுக்கொன்றாகச் சொன்ன அனுபவங்கள் இவை.

சிங்கப்பூரில் பெரும்பாலும் தார்ச்சாலைகளே இருப்பதால், கான்கிரீட் சாலை போடும் ஸ்லிப்ஃபார்ம் பேவரை இங்கு நேரில் பார்த்தவர்கள் குறைவு. 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புனே விரைவுச்சாலையில், கலவை லாரிகளுக்குச் சீட்டு எழுதிய காலத்தில் நான் அதைப் பார்த்தேன். இங்கு வந்தபின் வாய்த்தது, அதே முறையில் தடுப்புச்சுவர் வார்க்கும் சிறிய இயந்திரம்.

இரண்டிலும் கலவையைத் தாங்கப் பலகை அடிப்பதில்லை. அச்சு இயந்திரத்தோடு சேர்ந்தே நகர்கிறது. வைப்ரேட்டரின் அதிர்வில் இளகி அச்சை நிரப்பும் கலவை, அச்சு கடந்துபோனதும் தாங்கல் எதுவுமின்றி நிற்க வேண்டும் என்பதால், சாலைக்கே ஸ்லம்பை (கூம்பு அச்சில் நிரப்பிய கலவை, கூம்பை எடுத்ததும் எவ்வளவு தாழ்கிறது என்ற அளவு) ஏறத்தாழ 25 முதல் 50 மில்லிமீட்டருக்குள் வைப்பார்கள். சுவருக்கு இன்னும் கெட்டியாக வேண்டும்.

ஓர் இரவு ஒரு தடத்தை மூடி வேலை செய்தபோது, மூன்றாவது லாரி முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. கலவை இறுகிவிடுமோ என்று பயந்த ஓட்டுநர், யாரிடமும் கேட்காமல் டிரம்மில் தண்ணீர் விட்டிருக்கிறார். இயந்திரம் நகர நகர, பின்னால் சுவர் வயிறு தள்ளி, மேல்முனை உட்கார்ந்துகொண்டே வந்தது. ஃபோர்மேன் நிறுத்தச் சொல்வதற்குள் இரண்டு மீட்டர் போய்விட்டது. விடிவதற்குள் தடத்தைத் திறந்தாக வேண்டும் என்பதால், ஆறு பேர் மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினோம். அதன்பின் ஸ்லம்ப் பார்க்காமல் ஒரு லாரியையும் நான் அருகில் விட்டதில்லை. வேலை மந்தமாகிறது என்று திட்டு வாங்கியது தனிக்கதை.

*

முன்னால் சொன்ன அண்ணனுக்குத் தலைவலி தண்ணீர் என்றால் எனக்கு நூல். பக்கத்தில் கட்டிய நூலைத் தொட்டபடி வரும் சென்சார் கம்பிதான் இயந்திரத்தின் உயரத்தையும் திசையையும் தீர்மானிக்கிறது. சாப்பிடப் போனவர்களில் ஒருவர் கால் இடறி, நூலைத் தாங்கும் முளையொன்றைச் சற்றே அமுக்கிவிட்டார், எவரும் கவனிக்கவில்லை. அந்தத் தாழ்வை இயந்திரம் இம்மி பிசகாமல் சாலையோரக் கெர்பில் வார்த்துவிட்டது. ஆபரேட்டர்மீது பழி விழுந்தது நியாயமில்லை. அவர் கண் கலவையின் மீதுதான் இருந்தது.

*

வெயிலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! வார்த்த கையோடு கியூரிங் மருந்து தெளித்தால்தான் ஈரம் ஓடாமல் நிற்கும். எங்களுக்கு நடுப்பகலில் தெளிப்பான் அடைத்துக்கொண்டது. மாற்று முனை வருவதற்குள் மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் ஓடிவிட்டன. சாக்கை நனைத்து மூடியும் அவை மறையவில்லை.