பல் பிடுங்குவதற்காக நிறுத்திய டெனோசுமாப் ஊசி: கடைசி ஊசி போட்டு 8 மாதம், இனி என்ன செய்வது?

இல்லச்செவிலி

வணக்கம். வீட்டுப் பராமரிப்பில் இருக்கும் 71 வயது அம்மா ஒருவரைப் பற்றிய கேள்வி. எடை 52 கிலோ. மணிக்கட்டு முறிந்தபோது எடுத்த டெக்ஸா ஸ்கேனில் (எலும்பு அடர்த்தி ஸ்கேன்) இடுப்பின் டி-ஸ்கோர் -3.1 (இந்த எண் கீழே போகப் போக எலும்பு மெலிவு). அப்போதிலிருந்து எலும்புப்புரைக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் 60 மி.கி., மொத்தம் 5 ஊசி. ஆறாவது ஊசி போட வேண்டிய சமயத்தில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. இந்த ஊசியால் தாடை எலும்பு அழுகும், முதலில் நிறுத்துங்கள் என்று பல் பார்த்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். இன்றுவரை பல்லும் எடுக்கவில்லை, ஊசியும் போடவில்லை. கடைசி ஊசி போட்டு 8 மாதம் ஆகிறது. இப்போது பத்து நாளாக முதுகின் நடுவுக்குச் சற்றுக் கீழே வலி. விழவும் இல்லை, கனமாக எதையும் தூக்கவும் இல்லை.

ரத்தப் பரிசோதனை: கால்சியம் 8.9, அல்புமின் 3.6, கிரியேட்டினின் (சிறுநீரக அளவு) 1.1, வைட்டமின் டி 17.

விட்டுப்போன ஊசிக்கு ஈடாக இரண்டு போட வேண்டுமா, ஒன்று போதுமா? அதற்குப் பதில் ஜோலெட்ரோனிக் ஆசிட் (நரம்பு வழியாக ஏற்றும் இன்னொரு எலும்புப்புரை மருந்து) ஏற்றலாமா? பல்லை எப்போது எடுப்பது? அடுத்த வாரம் எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அதற்குள் விவரம் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

எலும்பும்_ஹார்மோனும்

அடுத்த வாரம் வரை தள்ளாதீர்கள். விழாமலே வந்த முதுகுவலி, கடைசி ஊசிக்குப் பின் 8 மாதம்: இந்த இரண்டும் சேர்ந்தால், வேறு காரணம் தெரியும்வரை அது முதுகெலும்பு முறிவுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கே மார்பு, இடுப்புப் பகுதி முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுங்கள். கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டினாலோ எக்ஸ்ரேயோடு நிற்காமல் அன்றே எம்.ஆர்.ஐ.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், டெனோசுமாப் எலும்பில் தங்குகிற மருந்து அல்ல. எலும்பை அரிக்கும் செல்களை (ஆஸ்டியோகிளாஸ்ட்) உருவாகத் தூண்டும் ரேங்க்-எல் என்ற புரதத்தை அது ரத்தத்தில் பிடித்துவைக்கிறது. ஆறு மாதத்தில் அந்தப் பிடி விட்டுவிடும். அதுவரை அடங்கியிருந்த அரிப்பு பழைய அளவோடு நிற்காமல் அதையும் தாண்டி எகிறும். சிட்னியிலுள்ள கார்வன் ஆய்வு நிலையத்தார் 2021ல் வெளியிட்ட எலி ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: ஆஸ்டியோகிளாஸ்ட்கள் எல்லாமே செத்துப்போவதில்லை, சில சிறு செல்களாகப் பிரிந்து காத்திருக்கின்றன, தடை நீங்கியதும் மறுபடி ஒன்றுகூடி அரிக்கத் தொடங்குகின்றன. சேர்த்து வைத்த எலும்பு அடர்த்தி ஓராண்டுக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும்.

எண்ணிக்கையும் பாருங்கள். ஃப்ரீடம் ஆய்வில் (2009, 7,868 பெண்கள்) மூன்று ஆண்டில் முதுகெலும்பு முறிவை 68 சதவீதமும் இடுப்பு முறிவை 40 சதவீதமும் குறைத்த மருந்து இது. அதே ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களைத் தனியாகப் பிரித்து 2018ல் வெளியிட்டார்கள். 100 பேருக்கு ஆண்டுக்கு 1.2 ஆக இருந்த முதுகெலும்பு முறிவு, நிறுத்தியபின் 7.1 ஆனது. வெற்று ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்கும் இது 8.5 என்பதால், பாதுகாப்பு போய்விட்டது என்பதோடு முடிந்த கதை என்று தோன்றலாம். அப்படியில்லை. நிறுத்தியபின் முறிவு கண்டவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட எலும்பு முறிந்தவர்கள் 60.7 சதவீதம், வெற்று ஊசிக் குழுவில் 38.7. ஒன்று முறிந்தால் அடுத்தடுத்து முறிவதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்.

இரண்டு ஊசி வேண்டாம். ஒரே ஊசி, 60 மி.கி. அடுத்த ஆறு மாதக் கணக்கு அது போட்ட நாளிலிருந்து தொடங்கும். அல்புமினுக்குத் திருத்தினால் கால்சியம் 9.2, தடையில்லை. வைட்டமின் டி 17 போதாது. 60,000 யூனிட் வாரம் ஒன்று என 8 வாரம் தொடங்குங்கள், ஆனால் அது முடியட்டும் என்று ஊசியைத் தள்ளாதீர்கள். ஊசி போட்ட 10 முதல் 14 நாளுக்குள் கால்சியத்தை ஒருமுறை பார்க்கவும், அப்போதுதான் மிகவும் இறங்கியிருக்கும். வாயைச் சுற்றி மதமதப்பு, விரல் இழுப்பு இருந்தால் உடனே.

வாய்முகஅறுவை

பல் விஷயத்துக்கு வருகிறேன். பிடுங்குவதற்காக ஊசியை நிறுத்தும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அதை விட்டொழிக்க வேண்டும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதே மருந்தை 120 மி.கி. மாதாமாதம் போடுவார்கள், தாடை எலும்பு பற்றிய பயம் பெரும்பாலும் அங்கிருந்து வந்தது. எலும்புப்புரைக்கான அளவில், ஃப்ரீடம் ஆய்வின் 10 ஆண்டு நீட்டிப்பில், 10,000 பேருக்கு ஆண்டுக்கு 5.2 என்ற அளவில்தான் தாடை எலும்புச் சிதைவு வந்தது. நிறுத்துவதால் வரும் முதுகெலும்பு முறிவு மேலே சொன்ன 7.1, அதுவும் 100 பேருக்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஊசியின் சுழற்சிக்குள்ளேயே பல் எடுக்க இடம் இருக்கிறது. போட்டு 3 முதல் 4 மாதம் ஆனபின் எடுத்தால், அடுத்த ஊசிக்கு முன் ஈறு மூட 6 முதல் 8 வாரம் கிடைக்கும். எதையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இந்த அம்மாவுக்கு: பல்லில் சீழ், வீக்கம் இல்லையென்றால் ஊசியை இப்போதே போட்டு, பல்லை 3 மாதம் கழித்து எடுங்கள். சீழ் இருந்தால் பல்லை உடனே எடுக்க வேண்டும், அதை அப்படியே விட்டுவைப்பதுதான் தாடைக்குக் கேடு. அதற்காகவும் ஊசியைத் தள்ள வேண்டாம். எடுக்கும்போது எலும்பு விளிம்பை மழுக்கி, ஈறைச் சேர்த்துத் தையல் போடச் சொல்லுங்கள். குளோர்ஹெக்சிடின் கொண்டு தினம் இருமுறை வாய் கொப்பளிப்பு. 8 வாரம் ஆகியும் எலும்பு வெளியே தெரிந்தால் வாய்முக அறுவை மருத்துவரிடம் காட்டவும்.

மருந்தியல்_குறிப்பு

ஊசியை மறுபடி தொடங்கச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஒருமுறை நின்றுபோன வீட்டில் இன்னொரு முறையும் நிற்கும். ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி. ஏற்றிவிட்டால் அது எலும்பிலேயே தங்கும், தேதி தவறினாலும் இப்படி எகிறாது. ஹொரைசன் ஆய்வில் (2007) அதுவும் முதுகெலும்பு முறிவை 70 சதவீதம் குறைத்தது. ஐரோப்பிய எலும்புச் சங்கத்தின் 2020 அறிக்கையும் டெனோசுமாபை நிறுத்துகிறவர்களுக்குக் கடைசி ஊசியிலிருந்து ஆறாம் மாதம் இதைத்தான் சொல்கிறது.

எலும்பும்_ஹார்மோனும்

நியாயமான கேள்வி. ஆனால் அந்த அறிக்கை, முறிவு அபாயம் குறைந்து மருந்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு. -3.1 உள்ளவர் வெளியேறும் கட்டத்திலேயே இல்லை. இரண்டாவது, வேகம். டெனோசுமாப் மூன்று நாளில் அரிப்பை அடக்கிவிடும். மூன்றாவது, சிறுநீரகம். கிரியேட்டினின் 1.1 என்றால் லேப் ரிப்போர்ட்டில் அது இயல்பான அளவாகவே தெரியும். வயதையும் எடையையும் சேர்த்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்குப் போடுங்கள்: (140 - 71) × 52 ÷ (72 × 1.1) × 0.85 = 38.5 மி.லி./நிமிடம். ஜோலெட்ரோனிக் ஆசிடுக்குக் கீழ் எல்லை 35. வயிற்றுப்போக்கோ, வலிக்காக டைக்ளோஃபெனாக்கோ வந்தால் இந்த 38 கீழே போய்விடும். முதுகுவலிக்கு அவருக்கு இப்போது என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள், பாராசிட்டமால் போதும்.

பின்னாளில் நிறுத்துவதாக இருந்தால் நீங்கள் சொன்ன வழிதான்: கடைசி ஊசிக்குப் பின் ஆறாம் மாதம் 5 மி.கி., 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்றுவது, முன்னும் பின்னும் தண்ணீர். மூன்றாம், ஆறாம் மாதங்களில் எலும்பு அரிப்பைக் காட்டும் சி.டி.எக்ஸ். ரத்தப் பரிசோதனை (காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இல்லையென்றால் எண் பொய் சொல்லும்). அந்த எண் ஏறினால் மருந்தை இன்னொரு முறை ஏற்றுவது. ஒருமுறை ஏற்றினால் எல்லாம் முடிந்தது என்று விட முடியாது. டென்மார்க்கின் சோலார்மாப் ஆய்வில் (2020) ஏற்றியவர்களுக்கும் எலும்பு அடர்த்தி ஓரளவு குறையத்தான் செய்தது. டெரிபாரடைடுக்கு (எலும்பை வளர்க்கும் ஊசி மருந்து) மாற்றும் யோசனை யாராவது சொன்னால் வேண்டாம். டெனோசுமாபுக்கு அடுத்து அதைத் தொடங்கினால் இடுப்பு, முன்கை எலும்பின் அடர்த்தி இன்னும் இறங்குகிறது.

இல்லச்செவிலி

எக்ஸ்ரே வந்துவிட்டது. டி12, எல்1 (நடுமுதுகின் கடைசி எலும்பும் கீழ்முதுகின் முதல் எலும்பும்) இரண்டிலும் முன்பக்க உயரம் குறைந்திருக்கிறது. ஊசி இன்றே போட்டாயிற்று. கால் பலம், சிறுநீர் எல்லாம் சரி. முறிந்த எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்ட் வைத்தால் வலி உடனே போகும் என்கிறார்கள். வைக்கலாமா? படுக்கையில் எவ்வளவு நாள் வைத்திருப்பது?

எலும்பும்_ஹார்மோனும்

சிமெண்ட் இப்போது வேண்டாம். 2009ல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் வைத்தவர்களுக்கும் வைப்பதுபோல் பாவனை மட்டும் செய்தவர்களுக்கும் வலி குறைந்ததில் வித்தியாசம் தெரியவில்லை. டெனோசுமாப் நின்றபின் வரும் முறிவில் சிமெண்ட் வைத்த சிலருக்கு அடுத்தடுத்த எலும்புகளும் உடைந்ததாகப் பதிவுகள் உண்டு. ஊசி வேலை செய்ய நேரம் கொடுங்கள். விழாமல் இரண்டு முறிவு என்பதால் இ.எஸ்.ஆரும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மயலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்) இல்லை என்று உறுதி செய்ய.

இயன்முறை_முதுகு

படுக்கை ஓய்வு இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், கிடக்கக் கிடக்க எலும்பும் தசையும் சேர்ந்து கரையும். எழும்போது நேராக நிமிர விடாதீர்கள். முழங்கால் மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையால் ஊன்றி எழ வேண்டும். பாயில் படுப்பவர் என்றால் கட்டிலுக்கு மாற்றுங்கள், தரையிலிருந்து எழ ஒவ்வொரு முறையும் முதுகு வளையும்.

குனிந்து பெருக்குவது, குடம் தூக்குவது, கால் நீட்டி உட்கார்ந்து கால்விரலைத் தொடும் ஆசனம், மூன்றும் கூடாது. 1984ல் மேயோ கிளினிக்கில் 59 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு இதில் முக்கியமானது. முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிய முறிவு, முன்னோக்கி வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். பயிற்சியே செய்யாதவர்களுக்கு 67. தவறான பயிற்சி, சும்மா இருப்பதைவிட மோசம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் முறிந்த முதுகை வளைக்கச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

முதல் வாரங்களில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து 5 நொடி பிடிப்பது, 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. வலி குறைந்தபின், 6 முதல் 8 வாரத்தில், மருத்துவர் சம்மதித்தால் குப்புறப் படுத்து வயிற்றுக்கடியில் தலையணை வைத்துத் தலையையும் தோளையும் லேசாகத் தூக்குவது. தலையணை இல்லாமல் செய்தால் இடுப்பு அதிகமாக வளைந்து வலிக்கும்.

மருந்தியல்_குறிப்பு

சிறுநீரகக் கணக்கைப் பார்த்தபின் ஊசிதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். கால்சியம் பற்றி: உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. இரண்டு டம்ளர் பால் அல்லது மோர், ஒருவேளை கேழ்வரகு என்றால் பாதிக்கு மேல் வந்துவிடும், மீதிக்கு 500 மி.கி. மாத்திரை ஒன்று. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். தைராய்டு மாத்திரை இருந்தால் 4 மணி நேர இடைவெளி.

அடுத்த ஊசித் தேதியை இன்றே வீட்டு நாட்காட்டியிலும் பல் மருத்துவரின் சீட்டிலும் எழுதுங்கள். ஏதாவது தடங்கல் வந்தாலும் ஏழாம் மாதம் தாண்டக் கூடாது. கடையிலிருந்து வாங்கி வரும்போது ஐஸ் ஜெல் பையோடு, ஆனால் ஊசி ஐஸை நேரடியாகத் தொடாமல் (உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்). வீட்டில் 2 முதல் 8 டிகிரி, ஃப்ரீசரில் அல்ல. போடுவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுத்து வையுங்கள், குலுக்க வேண்டாம்.