தைலமரத் தோட்டத்தில் கண்டவை

புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவன் என்பதால் தைலமரம் எனக்குப் புதிதன்று. அதன் சருகைக் கூட்டி வந்து அடுப்பெரித்த வீடு எங்களுடையது. ஆயினும் 2013-இல் கொதிகலன் வேலையாகப் பிரேசிலின் எஸ்பிரிட்டோ சான்டோ மாநிலத்தில் உள்ள பார்ரா டோ ரியாஷோ ஆலைக்குச் சென்றபோது, நான் அறிந்த மரம்தானா இது என்று ஐயம் எழுந்தது. அராக்ரூஸ் என்ற நிறுவனத்தின் பெயரில் 1978-இல் ஓடத் தொடங்கிய அந்த ஆலை அப்போது ஃபிப்ரியா நிறுவனத்துடையது. 2019 முதல் சுசானோ நிறுவனத்துடையது.

எங்கள் ஊரில் ஒரே வரிசையில் நட்டவற்றிலும் ஒன்று பருத்திருக்கும், ஒன்று கோணியிருக்கும், ஒன்றைக் கறையான் தின்றிருக்கும். அங்கோ, தேர்ந்தெடுத்த தாய்மரத்தின் குச்சிகளை வேர்விடச் செய்து நட்டிருப்பதால், ஒரு மரத்தைப் பார்த்தால் அந்த வயலையே பார்த்தாயிற்று. இம்முறையைப் பெரிய அளவில் செய்துகாட்டியதற்காக அராக்ரூஸ் ஆய்வாளர்களுக்கு 1984-இல், காட்டுமரத் துறை ஆய்வுக்கு வழங்கும் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது. ஆறேழு ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டும் இயந்திரம் அடியில் கவ்வி அறுத்து, படுக்கவைத்து, முன்னும் பின்னுமாக உருவியபோது பட்டை நாடா நாடாவாகக் கழன்று விழுந்தது. விறகுக்கு ஆகுமே என்று என் கண் அதன் மேலேயே இருக்க, அது அடுத்த நடவுக்கு எரு என்று உடன் வந்தவர் விளக்கினார்.

ஆலைக்குள் காகிதத்தைத் தேடி ஏமாந்ததையும் சொல்லிவிட வேண்டும். அங்கே செய்தது காகிதத்துக்கான மரக்கூழ் மட்டுமே. உலர்த்திய தடித்த அட்டைகளாகக் கட்டி, பக்கத்திலேயே இருக்கும் போர்ட்டோசெல் துறைமுகத்தில் கப்பலேற்றினார்கள். அது மெல்லிழைத்தாளாகவோ (டிஷ்யூ) எழுதுதாளாகவோ மாறுவது வேறு நாட்டில். மரத்தை வேகவைக்கும்போது கரைந்து வரும் கருஞ்சாற்றை என் துறையான மீட்புக் கொதிகலனில் எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். மரத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று போன என்னிடம் பாதி நேரம் மின்சாரத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

* * *

மேலே எழுதிய நண்பர் பார்த்த தோட்டங்களின் மறுபக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அம்மாநிலத் தலைநகரான விட்டோரியாவில் படித்த காலத்தில், அராக்ரூஸ் வட்டாரத்தின் துப்பினிக்கிம் பழங்குடியினர் சிற்றூர் ஒன்றுக்கு வகுப்புத் தோழியுடன் சென்றேன். துப்பினிக்கிம், குவாரானி பழங்குடி மக்கள் அராக்ரூஸ் நிறுவனத்தோடு பல்லாண்டு நடத்திய நிலப் போராட்டத்தின் முடிவில், 2007-இல் பிரேசிலின் நீதித்துறை அமைச்சகம் சுமார் 18,000 ஹெக்டேரை அவர்களுடைய நிலம் என்று அறிவித்தது. தைலமரத் தோட்டம் நடத்துவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுவதுதான் எனக்கு உறுத்தல்.

நிலம் திரும்பிய பிறகு என்ன நட்டீர்கள் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். மரவள்ளி நட்டிருந்த மேட்டில் நாலடிக்கு ஒரு தைலமரக் கட்டை மண்ணுக்கு மேல் துருத்திக்கொண்டிருக்க, மண்வெட்டி அதில் பட்டுப்பட்டு மழுங்கியிருந்தது. கட்டையைத் தோண்டி எடுக்க ஆளுக்கும் பணத்துக்கும் வழியில்லை என்றார். பேச்சினூடே குனிந்து, கட்டையின் ஓரத்தில் விரலளவு துளிர்த்திருந்த கொழுந்தைக் கிள்ளி எறிந்தார். சென்ற வாரமும் அதே இடத்தில் கிள்ளியதாகச் சொன்னார்.