தலைமையாசிரியர்களின் மேற்பார்வை நம்பிக்கையை அளக்கும் கேள்வித்தாள்: உதவி தேவை

வணக்கம். பள்ளி நிர்வாகிகளான தலைமையாசிரியர்களின் நிர்வாக அறிவும் சமூகத் தொழில்முனைவும் (சமூக நன்மைக்காகப் புது முயற்சி எடுத்து வளம் திரட்டுவது) அவர்களுடைய மேற்பார்வை நம்பிக்கையை (ஆசிரியர்களை எப்படி வழிநடத்த வேண்டும் என்ற அவர்களின் கருத்தை) எப்படி வடிவமைக்கின்றன என்று ஆராயக் கேள்வித்தாள் தயாராகிறது. ஓரிடத்தில் முட்டி நிற்கிறது.

நம்பிக்கையை, பள்ளி மேற்பார்வை பற்றி எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் கார்ல் கிளிக்மன் வகுத்தபடி மூன்றாகப் பிரித்திருக்கிறோம்: நிர்வாகியே சொல்வது, சேர்ந்து பேசி முடிவெடுப்பது, ஆசிரியரே முடிவெடுக்க விடுவது. "ஆசிரியர்களுடன் கலந்து பேசுவேன்" என்று எழுதி 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொன்னால் பெரும்பாலோர் 4, 5-ஐத்தான் வட்டமிடுவார்கள். யார் மறுப்பார்கள்? விடைகளில் வேறுபாடு இல்லாவிட்டால் ஒட்டுறவுக் கெழுவும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) சுருங்கிவிடும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலோ மூன்று மதிப்பெண்களின் கூட்டுத்தொகை எல்லாருக்கும் ஒரே எண்ணாகிவிடும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆகவேண்டும், கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்பாவையும் நம்ப முடியாது.

அதனால் சூழ்நிலைக் கேள்விகளை யோசிக்கிறோம். உதாரணம்: "புதிய ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசை மாணவர்கள் 20 நிமிடமாக எதுவும் எழுதவில்லை." இதன்கீழ் மூன்று நடவடிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பீடு. அனுபவமுள்ள ஆசிரியரை வைத்தும் இதே சூழ்நிலை வரும். நிர்வாகியின் அறிவு உண்மையில் வெளிப்படுவது இந்த இரண்டுக்கும் அவர் தரும் மதிப்பீடுகளின் வேறுபாட்டில்தான் என்பது எங்கள் கணிப்பு.

இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கள்: எத்தனை சூழ்நிலைக்கு மேல் பதிலளிப்பவர் சலிப்படைகிறார்? "வெளியாரிடம் வளம் திரட்டுவேன்" போன்ற தொழில்முனைவுக் கூற்றுகள் காரணிப் பகுப்பாய்வில் (சேர்ந்து மாறும் கூற்றுகளைத் தொகுக்கும் முறை) நிர்வாக அறிவுக் காரணியில் போய் ஒட்டிக்கொள்ளாமல் எப்படிப் பிரித்தீர்கள்? அறிவுக்குச் சுயமதிப்பீடு போதுமா, தேர்வுதான் வைக்க வேண்டுமா?