டெக்சாஸில் பெற்ற இ.எம்.டி. சான்றிதழ் கலிபோர்னியாவில் செல்லுமா? யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

கேள்வி: சான் ஓசே அப்பா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் ஆஸ்டினில் பட்டப்படிப்பை முடித்திருக்கிறாள். படிக்கும்போதே இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் முதலுதவி தரும் அவசர மருத்துவப் பணியாளர்) பயிற்சி பெற்று, நேஷனல் ரெஜிஸ்ட்ரி தேர்வில் தேறி, டெக்சாஸ் மாநிலச் சான்றிதழும் வாங்கி, வார இறுதிகளில் அங்குள்ள ஓர் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்து வந்தாள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் இந்த ஓராண்டில் சான் ஓசேயில் எங்களுடன் தங்கி, அதே வேலையைத் தொடர வேண்டும் என்பது அவளது விருப்பம்.

கையில் இருக்கும் ரெஜிஸ்ட்ரி அட்டையில் நேஷனல் என்றே அச்சிட்டிருக்கும்போது, கலிபோர்னியாவில் மறுபடியும் விண்ணப்பம், கைரேகை, கட்டணம் என்று எதற்காகக் கேட்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. மாநிலங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தம் இருப்பதாகவும், அதன்படி ஒரு மாநிலத்தின் உரிமம் மற்றொன்றிலும் செல்லும் என்றும் நண்பர் ஒருவர் சொன்னார். அது இவளுக்குப் பொருந்துமா?

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. பத்தொன்பது வயதில் கல்லூரி விருந்து ஒன்றில் கையில் மது வைத்திருந்ததற்காக அவளுக்குக் காவல்துறை ஒரு சைட்டேஷன் (குற்றச்சாட்டைக் குறித்து நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் சீட்டு) கொடுத்தது. நீதிமன்றம் விதித்த வகுப்பையும் சமூகப் பணியையும் முடித்ததும் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிடாமல் விட்டுவிடலாமா? படிவத்தை நான்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன் என்பதால் கேட்கிறேன்.

பதில்: கொங்கு நாடன்

உங்கள் நண்பர் சொன்னது இ.எம்.எஸ். (அவசர மருத்துவச் சேவை) காம்பாக்ட் என்ற ஒப்பந்தமாக இருக்க வேண்டும். 2017-இல் பத்து மாநிலங்கள் அதைச் சட்டமாக்கியதும் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் இருக்கின்றன. டெக்சாஸும் உறுப்பு மாநிலம்தான். எனவே உங்கள் மகளுக்குப் பெரிய சிக்கல் எதுவும் வராது என்றே நினைக்கிறேன்.

பதில்: செவ்வந்தி ஆர்.என்.

கொங்கு நாடன் சொன்னதில் டெக்சாஸ் பற்றிய செய்தி சரி, ஆனால் முடிவு பொருந்தாது. கலிபோர்னியா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் இவருடைய மகளுக்கு அது பயன்படாது. ஏனென்றால் சொந்த மாநிலத்தில் உரிமம் வைத்துக்கொண்டு, அங்குள்ள மருத்துவ இயக்குநரின் (ஆம்புலன்ஸ் சேவையின் மருத்துவப் பணிக்குப் பொறுப்பான மருத்துவர்) மேற்பார்வையில் இருந்தபடியே, நோயாளியை எல்லை தாண்டி ஏற்றிச் செல்லவும், காட்டுத்தீ, புயல் போன்ற காலங்களில் பக்கத்து மாநிலத்துக்குப் பணிக்குப் போகவும் வழிசெய்வதுதான் அந்த ஒப்பந்தத்தின் நோக்கம். வேறு மாநிலத்தில் குடியேறி, அங்கே வேலையில் அமர்பவர் அந்த மாநிலத்தின் உரிமத்தையே பெற வேண்டும்.

இப்போது அந்த அட்டைக்கு வருவோம். நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்பது ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இயங்கும், லாப நோக்கமற்ற தனியார் அமைப்பு. 1970-இல் தொடங்கப்பட்ட அது தேர்வு நடத்தி, தேறியவர்களுக்குச் சான்று அளித்து வருகிறது. இன்னார் இந்த நிலைக்குரிய தேர்வில் தேறியிருக்கிறார் என்பதை மட்டுமே அது சொல்லும். வேலை செய்யும் அனுமதியை அதனால் கொடுக்க முடியாது. அந்த அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது. டெக்சாஸில் ஆரோக்கியச் சேவைத் துறை அதைச் செய்கிறது. கலிபோர்னியாவில் இந்த அதிகாரம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: இ.எம்.டி.யை விட உயர்ந்த பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளுக்கு உரிமம் வழங்குவது மாநில இ.எம்.எஸ். ஆணையம்; இ.எம்.டி.களுக்குச் சான்றிதழ் வழங்குவது பெரும்பாலும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) அளவில் இயங்கும் உள்ளூர் இ.எம்.எஸ். முகமை. சான் ஓசே இருப்பது சான்டா கிளாரா கவுண்டியில் என்பதால் அந்தக் கவுண்டியின் முகமையிடம் விண்ணப்பிக்கலாம். ஒரு முகமை கொடுத்த இ.எம்.டி. சான்றிதழ் மாநிலம் முழுவதும் செல்லும். கவுண்டி மாறும்போதெல்லாம் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்கு அந்த அட்டை பயன்படும் இடமும் இதுதான். காலாவதியாகாத நேஷனல் ரெஜிஸ்ட்ரி சான்று இருந்தால், மறுபடி பயிற்சிக்கும் தேர்வுக்கும் போகாமல் நேரே விண்ணப்பிக்க முடியும். டெக்சாஸிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். டெக்சாஸ் சான்றிதழுக்கு ஆயுள் நான்கு ஆண்டு. நேஷனல் ரெஜிஸ்ட்ரிக்கு இரண்டே ஆண்டு, அதுவும் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். முதல்முறை சான்றிதழ் வாங்கிய பிறகு அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டெக்சாஸ் வற்புறுத்துவதில்லை என்பதால், பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மகளின் அட்டையில் என்ன தேதி இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

வழக்கு விஷயத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது அப்பா நிரப்பித் தரும் படிவம் அல்ல. எழுதியவை அனைத்தும் உண்மை என்று, பொய்யானால் தண்டனைக்குரிய உறுதிமொழியின் பேரில் கையெழுத்திடப் போவது உங்கள் மகள். கலிபோர்னியாவின் ஆரோக்கிய, பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 1798.200 என்ற பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காகச் சான்றிதழை மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம், பறிக்கலாம் என்று பட்டியலிடுகிறது. அதில் முதலில் இருப்பதே மோசடியாகச் சான்றிதழ் பெறுவதுதான். கடுமையான கவனக்குறைவு, திறமையின்மை, இந்தப் பணியோடு தொடர்புள்ள குற்றத்துக்காகத் தண்டனை பெற்றது முதலியவை அதற்குப் பின்புதான் வருகின்றன. தள்ளுபடியான ஒரு சைட்டேஷனைப் பார்த்து யாரும் பதறப் போவதில்லை. அதை மறைத்தார் என்பது கைரேகைச் சோதனையில் வெளிப்பட்டால், ஒன்றுமில்லாதது ஒரு நேர்மைப் பிரச்சினையாகிவிடும். கேள்வி என்ன கேட்கிறது என்பதை அவரே சொல்லுக்குச் சொல் படிக்கட்டும். தண்டனை பெற்றதுண்டா என்று மட்டும் கேட்கிறதா, தள்ளுபடியானதையும் சேர்த்துக் கேட்கிறதா என்று பார்த்து, கேட்டதற்கு உண்மையான பதிலை எழுதட்டும். வழக்கு முடிந்ததைக் காட்டும் நீதிமன்ற நகலை முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சான் ஓசே அப்பா

மிக்க நன்றி. நீங்கள் சொன்னது உறைத்தது. படிவத்தை மகளிடமே கொடுத்துவிட்டேன். அட்டையில் வருகிற மார்ச் 31 என்றுதான் போட்டிருக்கிறது. தொடர்கல்வி வகுப்புகளுக்குரிய மணிநேரத்தை உடனே முடித்துப் புதுப்பிப்பதாகச் சொல்கிறாள்.

ஆனாலும் ஒரு மனக்குறை இருக்கிறது. மாரடைப்பு டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் ஒன்றுதானே? தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்று; பிறகு மாநிலம், கவுண்டி, மருத்துவ இயக்குநர் என்று இத்தனை பேர் மேலே உட்கார்ந்திருப்பது காகித வேலையைத்தான் பெருக்குகிறது என்று தோன்றுகிறது. ஆஸ்டினில் அவள் செய்துவந்த சில வேலைகளை இங்கே செய்யக்கூடாதாமே?

பதில்: வைகைக்கரை

பல ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் மனக்குறையில் பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு யாரோ உட்கார்ந்து திட்டமிட்டு வந்ததல்ல. 1966-இல் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறைய பாதியை இறுதிச்சடங்கு நடத்துபவர்களே ஏற்று நடத்துவதாகக் கூறியது. காரணம் எளிது: ஒருவரைப் படுக்க வைத்துக் கொண்டுபோகக்கூடிய வண்டி ஊரில் அவர்களிடம்தான் இருந்தது. அதே ஆண்டில் வந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, ஆம்புலன்ஸ் சேவைக்கான தரங்களை வகுக்கும் பொறுப்பு மத்தியப் போக்குவரத்துத் துறைக்குப் போயிற்று. இன்றும் அதன் கீழ் உள்ள சாலைப் பாதுகாப்பு முகமைதான் தேசிய அளவிலான மாதிரி ஆவணங்களை வெளியிடுகிறது. இ.எம்.ஆர்., இ.எம்.டி., ஏ.இ.எம்.டி., பாராமெடிக் என்று படிப்படியாக உயரும் நான்கு பணிநிலைகளும் அந்த ஆவணங்களிலிருந்தே வருகின்றன. ஆனால் அவை மாதிரிகள் மட்டுமே. மருத்துவத் தொழிலுக்கு அனுமதி கொடுப்பது மாநிலங்களின் அதிகாரம் என்பதால், மருத்துவருக்கும் செவிலியருக்கும் உள்ள அதே ஏற்பாடுதான் இங்கும் இருக்கிறது.

பணி வரம்பில் இரு மாநிலங்களும் இரு துருவங்கள். டெக்சாஸில் இன்னின்ன செய்யலாம் என்று மாநிலம் முழுமைக்குமான பட்டியல் கிடையாது. ஒவ்வொரு சேவையின் மருத்துவ இயக்குநரும் தமது மருத்துவ உரிமத்தின் பலத்தில் பணிகளை ஒப்படைக்கிறார்; அவர் கற்றுக்கொடுத்து, சோதித்து, அனுமதித்தால் செய்யலாம். அதனால் ஒரு சேவையில் இ.எம்.டி. செய்யும் ஒன்றைப் பக்கத்து ஊர்ச் சேவையில் தொடக்கூட முடியாமல் போகலாம். கலிபோர்னியாவில் அடிப்படை வரம்பை மாநில விதிமுறையே எழுதிவிடுகிறது. அதற்கு மேல் கூடுதல் திறன்களை உள்ளூர் முகமையின் மருத்துவ இயக்குநர் அனுமதித்தால்தான் உண்டு. இது எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஓர் உதாரணம்: விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்ப்பது 2017 விதித் திருத்தத்துக்குப் பிறகே இங்கு மாநில விதிமுறை சொல்லும் இ.எம்.டி. பணி வரம்புக்குள் வந்தது. வீட்டில் பாட்டி காலையில் தாமே செய்துகொள்ளும் சோதனையை, பயிற்சி பெற்றவர் வண்டிக்குள் செய்யக்கூடாது என்று வைத்திருந்ததை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. உங்கள் மனக்குறையில் நான் ஏற்கும் பாதி இதுதான்.

மறுக்கும் பாதி மேற்பார்வையைப் பற்றியது. கலிபோர்னியாவில் 2010 ஜூலைக்கு முன்பு இ.எம்.டி.களின் பின்னணியைச் சோதிப்பதில் மாநிலம் முழுவதற்கும் ஒரே முறை இல்லை. பொதுவான பதிவேடும் இல்லை. ஒரு கவுண்டியில் நடவடிக்கைக்கு உள்ளானவர் வேறு கவுண்டிக்குப் போய்ப் புதிதாக விண்ணப்பித்தால், அங்கிருப்பவர்களுக்கு அது தெரிய வழி குறைவு. 2008-இல் நிறைவேறிய சட்டம் மத்தியப் பதிவேட்டையும் கட்டாயக் கைரேகைச் சோதனையையும் கொண்டுவந்தது. நீங்கள் காகித வேலை என்று சலித்துக்கொள்வதில் பெரும்பகுதி அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான். நடவடிக்கை எடுக்கப்பட்டவருக்கும் வழி அடைபடுவதில்லை. நிர்வாகச் சட்ட நீதிபதி முன்பு விசாரணை கேட்கும் உரிமை உண்டு.

மருத்துவ இயக்குநரும் மாநிலமும் எதற்கு என்று கேட்டால் கொலராடோவைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் அரோரா நகரில் காவலர்கள் பிடித்து அடக்கி வைத்திருந்த எலைஜா மெக்லெய்ன் என்ற 23 வயது இளைஞருக்குப் பாராமெடிக்குகள் 500 மில்லிகிராம் கெட்டமைன் என்ற மயக்க மருந்தைச் செலுத்தினார்கள். அவருடைய உண்மையான எடைக்குத் தர வேண்டியதைவிட அது மிக அதிகம். எடையைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டிருந்தார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். 2023 டிசம்பரில் இரு பாராமெடிக்குகளையும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. பேசப்பட்டதெல்லாம் அந்த இருவரைப் பற்றி. ஆனால் கட்டுக்கடங்காத கொந்தளிப்பில் இருப்பவருக்கு அந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று சேவைகளுக்குச் சிறப்பு அனுமதி வழங்கிவந்தது மாநிலச் சுகாதாரத் துறை. 2021-இல் கொலராடோ சட்டமன்றம் அந்தப் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மேற்பார்வை கூடிப்போனதால் அங்கே கேடு வரவில்லை. அனுமதியைக் கொடுத்துவிட்டு, களத்தில் அது எப்படிப் பயன்படுகிறது என்று உரிய நேரத்தில் பார்க்காததால்தான் வந்தது. படிவத்தில் பத்து கையெழுத்து வாங்கும் அலுவலகம், வண்டியிலிருந்து வரும் நோயாளி அறிக்கைகளை எடுத்துப் படிக்கிறதா என்பதே என்னுடைய கேள்வி.

பதில்: கொங்கு நாடன்

ஒப்பந்தத்தின் வரம்பை விளக்கிய செவ்வந்தி அவர்களுக்கு நன்றி. வைகைக்கரை ஐயாவிடம் ஒரு சிறு ஐயம்: டெக்சாஸ் முறையில் எல்லாம் ஒரே மருத்துவரின் கையில் இருப்பது ஆபத்தாகாதா?

பதில்: வைகைக்கரை

அந்த மருத்துவர் யார் என்பதைப் பொறுத்தது. வண்டியில் ஏறி வந்து பார்ப்பவர், வாரந்தோறும் அறிக்கைகளைப் படிப்பவர் என்றால் அதைவிடச் சிறந்த முறை இல்லை. மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்து மட்டும் போடுபவர் என்றால் பட்டியல் உள்ள கலிபோர்னியாவே மேல். சான் ஓசே அப்பா, உங்கள் மகள் இங்கு வேலைக்கு நேர்காணல் போகும்போது, மருத்துவ இயக்குநர் பணியாளர்களை எத்தனை முறை நேரில் சந்திக்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

பதில்: செவ்வந்தி ஆர்.என்.

நடைமுறைக்கு இரண்டு செய்திகள் விடுபட்டிருக்கின்றன. கைரேகையை மின்னணு முறையில் எடுக்கும் லைவ் ஸ்கேன் மையத்துக்குப் போகும்போது, விண்ணப்பிக்கப் போகும் முகமையின் பெயரும் குறியீடும் அச்சிட்ட படிவத்தையே கொண்டுபோக வேண்டும். முடிவு படிவத்தில் குறித்தபடி நேரே அனுப்பப்படும். வேறு வேலைக்காக எடுத்த பழைய கைரேகை அறிக்கையை இதற்குக் காட்ட முடியாது. படிவத்தின் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளட்டும், சோதனையின் நிலையை அறிய உதவும் எண் அதில்தான் இருக்கும்.

அடுத்து, இ.எம்.டி. சான்றிதழ் வந்துவிட்டால் வண்டியை ஓட்டலாம் என்று நினைத்துவிட வேண்டாம். கலிபோர்னியாவில் ஆம்புலன்ஸ் ஓட்ட டி.எம்.வி. (மோட்டார் வாகனத் துறை) தரும் தனிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் எழுத்துத் தேர்வும் உண்டு. புதிதாகச் சேருபவர்களிடம் பல நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே கேட்கின்றன. நேஷனல் ரெஜிஸ்ட்ரி புதுப்பித்தலை முடித்த கையோடு டி.எம்.வி. நேரத்தையும் பதிவு செய்துவிட்டால், கவுண்டியின் பதில் வருவதற்குள் இதுவும் முடிந்துவிடும்.